நானே ஆலயம் என்றால் சபை எதற்கு?

கேள்வி: எருசலேம் தேவாலயத்தின் பிராகாரம், பரிசுத்த ஸ்தலம், மகா பரிசுத்த ஸ்தலம் மூன்றும் விசுவாசியின் சரீரம், ஆத்துமா, ஆவிக்கு அடையாளம் என்று எங்கள் போதகர் படம் போட்டு விளக்கினார். நானே தேவனுடைய ஆலயம் என்றால், கோஷ்டிச் சண்டை ஓயாத சபைக்கு நான் ஏன் போகவேண்டும்? ஒரு வருஷமாக வீட்டிலேயே ஜெபிக்கிறேன். இது தவறா? (ஒரு வாசகர்)

பதில்: முதலில் அந்தப் படம். மூன்றுக்கு மூன்று பொருத்திப் பார்ப்பது தியானத்துக்கு உதவலாம், ஆனால் எந்த அப்போஸ்தலனும் அப்படிப் பொருத்திக் காட்டவில்லை. ஆவி, ஆத்துமா, சரீரம் மூன்றையும் பவுல் சேர்த்துச் சொல்கிற 1 தெசலோனிக்கேயர் 5:23இல் ஆலயம் என்ற பேச்சே இல்லை. 1 கொரிந்தியர் 6:19இல் அவர் ஆலயம் என்று சொல்வதோ, உங்கள் போதகரின் படம் வெளிப்பிராகாரத்தில் நிறுத்திவிட்ட அந்தச் சரீரத்தைத்தான். வேசித்தனத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொண்ட கொரிந்தியருக்கு, 'இந்தச் சரீரம் உங்களுடையதல்ல, கிரயம் கொடுத்து வாங்கப்பட்டது' என்கிறார். வீட்டுக்காரர் யார் என்பதுதான் அங்கே பேச்சு.

இதை நெகேமியா 13ஆம் அதிகாரத்தில் கண்ணாரப் பார்க்கலாம். காணிக்கைகளும் தூபவர்க்கமும் தானியம், திராட்சரசம், எண்ணெயின் தசமபாகமும் வைக்கிற பெரிய அறையை, ஆசாரியன் எலியாசிப் தன்னோடு சம்பந்தங்கலந்த தொபியாவுக்கு ஒழித்துக்கொடுத்துவிட்டான். எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, நெகேமியா கட்டியபோது கட்டவிடாமல் தொல்லை கொடுத்த அதே தொபியா! ஆலயம் நிற்கிறது, உள்ளே ஓர் அறையில் எதிரியின் தட்டுமுட்டுச் சாமான். ஆலய வேலை செய்தும் பங்கு கிடைக்காத லேவியரோ பிழைப்புக்கு வயல்களுக்குப் போய்விட்டார்கள். அப்போது எருசலேமில் இல்லாத நெகேமியா திரும்பி வந்ததும் சாமான்களையெல்லாம் வெளியே எறிந்து, அறைகளைச் சுத்தம் செய்யச் சொல்லி, பழையபடி காணிக்கைகளை வைக்கிறார். உங்கள் கடிதத்தின் மற்றப் பகுதியை இங்கே பிரசுரிக்கவில்லை. சபையார்மேல் உங்களுக்குள்ள கசப்பு அதில் வரிக்கு வரி தெரிகிறது. அதற்கு எந்த அறையைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

சரி, சபைக்கு வருவோம். 'நீங்கள் தேவனுடைய ஆலயம்' என்ற 1 கொரிந்தியர் 3:16ஐத்தான் நீங்கள் விலகி நிற்பதற்கு ஆதாரமாக எடுத்திருக்கிறீர்கள். அது யாருக்கு எழுதப்பட்டது? 'நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன்' என்று பிரிந்து கிடந்த சபைக்கு! உங்கள் சபையைப் போலவே கோஷ்டி கட்டிய அந்தக் கூட்டத்தைத்தான் பவுல் ஆலயம் என்றார். ஆளாளுக்கு வீட்டில் இருந்து ஜெபியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த வசனத்திலேயே, 'ஒருவன் தேவனுடைய ஆலயத்தைக் கெடுத்தால், அவனைத் தேவன் கெடுப்பார்' என்று எச்சரிக்கிறார். உங்கள் சபையில் கோஷ்டி சேர்ப்பவர்கள் நடுங்கவேண்டிய வசனம் அது.

பவுல் இதை எழுதும்போது எருசலேம் ஆலயம் இடியாமல் நின்றது. கி.பி. 70இல்தான் ரோமர்கள் அதை அழித்தார்கள். புறஜாதியார் தாண்டக்கூடாத தடுப்புச் சுவர் ஒன்று அதில் இருந்தது. தாண்டினால் சாவுக்கு அவரவரே பொறுப்பு என்று கிரேக்கத்தில் பொறித்த எச்சரிக்கைக் கல் 1871இல் எருசலேமில் கிடைத்தது. இன்று அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசியனான துரோப்பீமுவை ஆலயத்துக்குள் கூட்டிவந்தார் என்று தப்பாக எண்ணித்தான் ஜனங்கள் பவுலைப் பிடித்து அடித்துக் கொல்லப் பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 21). அந்தப் பவுல் எபேசியருக்கு எழுதும்போது, பிரிவினையாகிய நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்துவிட்டார், யூதரும் புறஜாதியாரும் இசைவாய் இணைக்கப்பட்டு ஒரே ஆலயமாக எழும்புகிறார்கள் என்கிறார். எனக்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை. பேதுருவும் விசுவாசிகளை ஜீவனுள்ள கற்கள் என்றுதான் சொல்கிறார். கல் தனியாகக் கிடந்தால் அதை யாரும் மாளிகை என்பதில்லை.

ஆகவே, ஆம், தவறுதான். வீட்டு ஜெபத்தை விடாதீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போங்கள், எந்தக் கோஷ்டியிலும் சேராதீர்கள். முடிந்தால், பேசாமல் இருக்கிற இரண்டு பேரையாவது பேசவையுங்கள். அங்கே உண்மையிலேயே இருக்கமுடியாத நிலை என்றால், பக்கத்தில் வேறு சபையைத் தேடிச் சேருங்கள்.