‘சன்’ என்று எழுதிய அந்தக் கறுப்புக் கண்ணாடியை முதலில் உடையுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகனுக்கு 70 மி.மீ. தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தோம். பெட்டியில் ‘சன்’ என்று எழுதிய சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதை மாட்டி இரண்டு தடவை சூரியனைப் பார்த்தான். இப்போது அதில் மயிரிழை போல ஒரு விரிசல். விற்றவரைக் கேட்டால், 480 ரிங்கிட்டுக்கு ‘சோலார் கிட்’ வாங்குங்கள், சூரியனின் தீச்சுவாலையே தெரியும் என்கிறார். அவ்வளவு செலவில்லாமல் வீட்டிலேயே மாற்றியமைக்க முடியுமா?

பதில்: முடியும், அம்மா. அதற்கு முன் அந்தக் கண்ணாடியைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தால் என்றைக்காவது ஒரு பிள்ளை எடுத்து மாட்டிவிடும். மகனை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் புத்தகம் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றிப் படிக்கட்டும். எழுத்தின் நடுவில் மங்கலோ நெளிவோ தெரிந்தால் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டிருந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது.

விரிசல் ஏன் வந்தது? 70 மி.மீ. லென்ஸ் நல்ல வெயிலில் ஏறக்குறைய 4 வாட் வெப்பத்தைத் திரட்டி, 6 மி.மீ. அகலமுள்ள ஒரு பொட்டாகக் குவிக்கிறது. உங்கள் கறுப்புக் கண்ணாடி அந்தப் பொட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நடுப்பகுதி சுடுகிறது, ஓரம் சுடவில்லை; கண்ணாடி வெடிக்கிறது. மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுதாக வெடித்திருந்தால், கண்ணை எடுக்கக்கூட நேரமிருந்திருக்காது. பொம்மைகளுக்குப் பாதுகாப்புத் தர விதிமுறை 2009-இலேயே வந்துவிட்ட நாடு மலேசியா. பிள்ளைகளுக்கென்றே விற்கும் தொலைநோக்கிப் பெட்டிக்குள் இந்தக் கண்ணாடி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. எடுத்துப் போட ஆளில்லை. பள்ளிக்கு வாங்கினாலும் இதே கதைதான். தொலைநோக்கிக்குப் பணம் ஒதுக்குவார்கள், முன்னால் மாட்டும் ஃபில்டருக்கு ஒதுக்க மாட்டார்கள்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: வெளிச்சம் குழாய்க்குள் நுழைவதற்கு முன்பே, முகப்பு லென்ஸுக்கு வெளியே தடுக்கப்பட வேண்டும். ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் பக்கம் மாட்டுவது எதுவாக இருந்தாலும் வேண்டாம். எக்ஸ்ரே படம், சிடி, புகை பிடித்த கண்ணாடி, வெல்டிங் கண்ணாடி எதுவும் தொலைநோக்கிக்கு ஆகாது. கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐபீஸுக்குள் பார்க்கவே கூடாது. அதில் அச்சடித்திருக்கும் ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் வெறும் கண்ணால் நேராகப் பார்ப்பதற்கு உரியது. தொலைநோக்கி குவித்த வெளிச்சத்தில் நொடியில் பொசுங்கிவிடும்.

480 ரிங்கிட் கிட்டை வாங்காதீர்கள். சூரிய விளிம்பில் எழும் சுவாலை தெரிய, ஹைட்ரஜன் ஆல்ஃபா எனப்படும் 656.28 நானோமீட்டர் சிவப்பு ஒளியை மட்டும் பிரித்தெடுக்கும் ஃபில்டர் வேண்டும். அது பல ஆயிரம் ரிங்கிட் விலை. 480-க்கு அதைத் தருகிறேன் என்பவர் சிவப்புச் சாயம் பூசிய கண்ணாடியைத்தான் தருவார். உங்கள் தொலைநோக்கியில் சூரியப்புள்ளிகள் தெரியும், புள்ளியின் கரிய நடுவும் அதைச் சுற்றிய சாம்பல் வளையமும் தெரியும், விளிம்போரம் வெண்திட்டுகள் தெரியும். சுவாலை தெரியாது.

முகப்பில் மாட்டும் ஃபில்டரை வீட்டிலேயே செய்ய, வாங்க வேண்டியது ஏ4 அளவு சூரிய ஃபிலிம் ஒன்று. ஜெர்மனியின் பாடர் நிறுவனத்தின் ஆஸ்ட்ரோசோலார் ஃபிலிம் 20 × 29 செ.மீ. தாளாகவே கிடைக்கிறது. 480 ரிங்கிட்டில் பாதிகூட ஆகாது. இங்கேதான் இடைத்தரகர் நுழைகிறார், கவனம். அந்த ஃபிலிமில் இரண்டு வகை உண்டு. அடர்த்தி 5.0 என்பது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் விடும். கண்ணால் பார்க்க அதுதான். அடர்த்தி 3.8 என்பது கேமராவுக்கு மட்டும். ஏறக்குறைய 16 மடங்கு அதிக வெளிச்சம் விடும். இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளித்தாள். விற்பவர் பெரிய தாளைத் துண்டு போட்டு பிளாஸ்டிக் பையில் விற்கிறார், பையில் எண் இருக்காது. கேட்டால் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பார். ஒன்றல்ல. 3.8-ஐக் கண்ணால் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேமராவை மட்டும் பொருத்தி, கண்ணை எப்போதுமே ஐபீஸ் பக்கம் கொண்டுபோகாதவர் அதைப் பயன்படுத்தலாம். மற்றபடி, கூடுதல் ஃபில்டர் சேர்த்தால் சரியாகாதா, மேகமூட்டத்தில் பரவாயில்லையா, ஒரே ஒரு நிமிடம்தானே என்ற கேள்விகளுக்கெல்லாம் என் பதில் கூடாது என்பதே. வீட்டில் பிள்ளை இருந்தால் 3.8-ஐ வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். உறை பிரிக்காத, 5.0 என்று அச்சடித்த தாளை மட்டும் வாங்குங்கள்.

இனி வேலை. குழாயின் முன்முனையில் ஒரு நூலைச் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். நூல் 27 செ.மீ. என்றால் விட்டம் 8.6 செ.மீ. குழாய் மேல் ஒரு சுற்று வெறும் காகிதம் சுற்றுங்கள், அதுதான் கழற்றி மாட்டத் தேவையான இடைவெளி. அதன் மேல் 7 செ.மீ. அகலத்தில் வெட்டிய மணிலா அட்டையை வெள்ளைப் பசை தடவி நான்கைந்து சுற்று சுற்றி, ஓரிரவு காய விடுங்கள். மழைக்காலமானால் இரண்டு இரவு. ஈரம் போகுமுன் கழற்றினால் இந்த அட்டை உறை முட்டை வடிவாகிவிடும்.

2 மி.மீ. தடிமனான அட்டையில் இரண்டு வட்ட வளையங்கள் வெட்டுங்கள்: வெளி விட்டம் 10.5, உள்துளை 7 செ.மீ. ஃபிலிமை அதன் காப்புக் காகிதத்தோடு சேர்த்து 10 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள், ஒரு தாளில் நான்கு துண்டு வரும், மிச்சம் மூன்றும் இருப்பு. மேசையில் டிஷ்யூ காகிதம் விரித்து அதன் மேல் ஃபிலிமைக் கிடத்துங்கள். ஒரு வளையத்தில் இருபக்கப் பசைநாடா ஒட்டி, அதை ஃபிலிம் மேல் இறக்கி அழுத்துங்கள். பலர் கெடுப்பது இந்த இடத்தில்தான்: உறுமி மேளத்துத் தோல்போல இழுத்துக் கட்டுகிறார்கள். இழுத்தால் பிம்பம் கெடும், பூச்சும் விரியும். ஃபிலிம் தொளதொளவென்று சுருங்கியே இருக்கட்டும். சுருக்கம் பிம்பத்தைக் கெடுக்காது. மறு வளையத்தை மேலே ஒட்டி, இரண்டையும் உறையின் முனையில் பசையிட்டு நிறுத்துங்கள்.

ஒவ்வொரு முறை மாட்டும் முன்பும் இருட்டறையில் ஃபிலிமுக்குப் பின்னால் டார்ச் லைட் பிடித்துப் பாருங்கள். ஒரே ஒரு ஊசிமுனைத் துளை என்றால் கறுப்பு மார்க்கரால் பொட்டு வையுங்கள். அதற்கு மேல் இருந்தால் அந்தத் துண்டை எறிந்துவிட்டு அடுத்ததை ஒட்டுங்கள். மாட்டியபின் உறையைக் குழாயோடு சேர்த்து இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள். திடலில் அடிக்கும் ஒரு காற்று போதும் அதைக் கழற்ற.

குறிபார்க்கப் பக்கத்தில் பொருத்தியிருக்கும் சின்னத் தொலைநோக்கியான ஃபைண்டரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், அதுவும் கண்ணைச் சுடும். சூரியனைப் பிடிக்கத் தரையில் விழும் குழாயின் நிழலைப் பாருங்கள். நிழல் சுருங்கிச் சின்ன வட்டமாகும்போது சூரியன் ஐபீஸில் வந்திருக்கும். 25 மி.மீ. ஐபீஸ் போடுங்கள். குழாயின் குவியத்தூரம் 700 மி.மீ. என்றால் 28 மடங்கு, முழுச் சூரியனும் தெரியும். புள்ளியை நெருங்கிப் பார்க்க 10 மி.மீ. போதும். கூடவே வந்த 4 மி.மீ. ஐபீஸையும் 3 மடங்கு பார்லோவையும் (பிம்பத்தை இன்னும் பெரிதாக்கும் துணை லென்ஸ்) தொட வேண்டாம், கஞ்சிபோல மங்கும். ஃபோக்கஸ் குழாய் ஆடினால், அதன் மேலுள்ள இரண்டு சின்னத் திருகாணிகளைக் கால் சுற்று முடுக்குங்கள்.

காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் பாருங்கள். உங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றேகால் மணி வாக்கில். அப்போது முக்காலியில் குழாய் அவ்வளவு செங்குத்தாக நிமிராது, மேகமும் திரண்டுவிடும். தகரக் கூரைக்கும் தார் ரோட்டுக்கும் மேலே பார்க்காதீர்கள், அனல் அலையில் பிம்பம் நடுங்கும். புல்தரை நல்லது. பார்த்து முடித்ததும் ஃபில்டரை மூடி போட்ட பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் அட்டை ஊறி, உறை தளர்ந்துவிடும். தளர்ந்த உறைக்குப் பழுது பார்க்காமல் புதிது செய்யுங்கள். 2031 மே 21 அன்று வளைய கிரகணத்தின் பாதை தென்னிந்தியா, இலங்கை வழியாக மலேசியாவையும் தொடுகிறது. அதற்குள் மகன் நான்கு துண்டையும் தீர்த்திருப்பான். அன்றைக்குப் புதுத் தாளாகவே வாங்கி ஒட்டுங்கள்.