குறைமாதக் குழந்தையின் சட்டையிலிருந்து வந்த தொழில்

“இரண்டு குழந்தைகளுக்காக வேலையை விட்டுவிட்டேன், வீட்டிலிருந்தே தொழில் செய்ய ஆசை, ஆனால் எதை எடுத்தாலும் ஏற்கெனவே யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள், மற்ற அம்மாக்களுக்கு மட்டும் யோசனை எங்கிருந்து கிடைக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்விக்கு வந்திருக்கும் பதில்களில் பெரும்பாலானவை மசாலாப் பொடி, மெழுகுவத்தி, கேக், டியூஷன் என்று பட்டியல் போடுகின்றன. அப்படி ஒரு பட்டியலை நம்பி ஒருமுறை பணத்தை இழந்தவள் என்பதால் என் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குத் திருப்பூர். திருமணத்துக்கு முன்பும் பின்பும் சேர்த்து ஆறு ஆண்டுகள் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். தைத்து வரும் ஆடையில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் எங்காவது விட்டிருக்கிறதா, அளவு அட்டையில் உள்ளபடி கழுத்தும் கையும் இருக்கின்றனவா என்று நாள் முழுவதும் நின்றுகொண்டே பார்க்கும் வேலை. 2011-இல் மகன் பிறந்ததும் நின்றுவிட்டேன். 2015-இல் பட்டுநூல் வளையல் எங்கும் பரவியிருந்த நேரத்தில், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று சொன்ன ஒரு பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிச் சேர்ந்தேன். வகுப்பில் பத்துப் பேர், அதில் ஏழு பேர் எங்கள் காலனி. ஒரு மாதம் கழித்து ஏழு பேரும் ஒரே மாதிரி வளையல்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தோம். நூல், வளையல் கட்டு, கல், பசை, கட்டணம் எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் போயிற்று. அந்தத் தொழிலில் வென்றவர்களும் உண்டு, அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. என்னிடம் வளையல் வேண்டும் என்று ஒருவர்கூட அதற்கு முன் கேட்டதில்லை, அது பட்டியலில் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகச் செய்தேன், அதுதான் என் தவறு.

2017-இல் மகள் 32 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,480 கிராம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பவர்களைக் குறைமாதக் குழந்தைகள் என்கிறார்கள், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைவு என்கிறார்கள் என்பதெல்லாம் அந்த வார்டில்தான் எனக்குத் தெரிந்தது. பிறப்பதற்கு முன் குழந்தைக்குத் துணி வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். என் அம்மா எடுத்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிதான் கையில் இருந்தது. சில நாட்களில் குழந்தையின் உடல்நிலை சற்றுத் தேறியதும், கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத நிலையில், 1970-களின் இறுதியில் தொடங்கிய முறை அது. தாயின் தோலோடு குழந்தையின் தோல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் முன்பக்கம் முழுவதும் திறக்கும் சட்டை, தொப்பி, காலுறை, இடுப்பில் கட்டும் லங்கோடு ஆகியவை மட்டும் போட வேண்டும். அத்தனை சிறிய உடம்பில் தலைதான் பெரிய பங்கு, தலை வழியாகவே சூடு வெகுவாக வெளியேறிவிடும் என்பதால் தொப்பியை எந்நேரமும் கழற்றவே கூடாது என்றார் செவிலியர்.

என் கணவர் ஊரில் உள்ள கடைகள் எல்லாம் அலைந்தார். உலகத்துக்கே பனியன் அனுப்பும் ஊரில் என் மகளுக்கு ஒரு சட்டை கிடைக்கவில்லை. ‘புதிதாகப் பிறந்த குழந்தை’ என்று அளவு போட்டிருந்த சட்டையும் மூன்று கிலோக் குழந்தைக்கு வெட்டியது, அவளுக்குப் போட்டபோது கழுத்து வழியாகத் தோள் வெளியே வந்தது, தொப்பி கண்ணை மூடியது. அன்று இரவு, நூலை வைத்து அவளுடைய மார்பு, தலை, தோள் மூன்றையும் அளந்து, பழைய செய்தித்தாளில் பேட்டர்ன் வெட்டி, கணவர் வாங்கிவந்த அரைக் கிலோ வெள்ளை இன்டர்லாக் பனியன் துணியில் தாய்மார் அறைக் கட்டிலிலேயே வெட்டிக் கையால் தைத்தேன். தையல் மடிப்பு தோலில் உரசாமல் இருக்க வெளிப்பக்கமாக வைத்தேன். எலாஸ்டிக் வேண்டாம், பட்டன் வேண்டாம், நாடா போதும் என்று முடிவு செய்தேன். ஆறு ஆண்டுகள் மற்றவர் தைத்ததில் குறை கண்டுபிடித்த கண்ணுக்கு, எந்த இடம் குழந்தைக்கு உறுத்தும் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது.

மறுநாள் பக்கத்துக் கட்டில் பெண், “அக்கா, இந்தச் சட்டை எங்க வாங்கினீங்க?” என்று கேட்டார். நீங்கள் தேடும் யோசனை பெரும்பாலும் இப்படி ஒரு கேள்வியாகத்தான் முதலில் வந்து நிற்கும். ஆனால் எனக்கு அன்று அது உறைக்கவில்லை. அவருடைய குழந்தைக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தேன். நாங்கள் இருந்த 31 நாட்களில் பதினோரு குழந்தைகளுக்குத் தைத்தேன், ஒருவரிடமும் பணம் வாங்கவில்லை, வாங்கத் தோன்றவும் இல்லை. அந்த நாட்களில் செவிலியர்கள் சொன்ன திருத்தங்கள்தான் இன்றுவரை என் சட்டையின் வடிவம். கையில் டிரிப் ஊசியும், கை அசையாமல் இருக்க வைக்கும் அட்டையும் கட்டியிருக்கும்போது கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியாது, எனவே தோளும் திறக்க வேண்டும் என்றார் ஒருவர். நீளமான நாடா விரலிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்ளும் என்று இன்னொருவர் சொன்னதால் நாடாவை 10 செ.மீ.க்குக் குறைத்தேன். மஞ்சள் துணி வேண்டாம், காமாலை இருக்கிறதா என்று பார்க்கும்போது தோலின் நிறம் குழப்பும் என்று மூன்றாமவர் சொன்னார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவை கிடைத்திருக்காது.

வீட்டுக்கு வந்தபின் ஏழு மாதங்கள் குழந்தையைத் தவிர வேறு நினைவே இல்லை. பிறகு ஒரு மாலை, முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, நர்ஸ் அம்மா எண்ணைக் கொடுத்தார், என் பேத்தி 1,600 கிராம், சட்டை கிடைக்குமா என்று கேட்டார். அடுத்த இரண்டு வாரங்களில் அப்படி நான்கு அழைப்புகள். அதில் ஒருவர் தாராபுரத்திலிருந்து பேருந்தில் வந்து, வாசலிலேயே நின்று மூன்று சட்டைகளை வாங்கிக்கொண்டு, நான் மறுத்தும் கேளாமல் இருநூறு ரூபாயைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அவர் எங்களுக்கு உறவும் அல்ல, எனக்காக இரக்கப்பட வேண்டியவரும் அல்ல. வேண்டியது வேறெங்கும் கிடைக்காததால் ஒரு அந்நியர் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார் என்பது அன்று இரவு முழுக்க மனதில் ஓடியது. 2018-இல் தொழிலாகத் தொடங்கினேன்.

இதை எழுதும்போதே சிலர் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். ஒரு சீமந்தத்தில், எல்லோரும் கேட்கும்படி, “நோஞ்சான் குழந்தைங்களை வெச்சுக் காசு பாக்கிறா” என்று உறவினர் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டு இரண்டு மாதங்கள் ஆர்டர் எடுக்காமல் இருந்தேன். அந்த இரண்டு மாதங்களில் அழைத்தவர்களிடம் இல்லை என்று சொன்னபோது அவர்களின் குரல் எப்படி மாறியது என்பதைச் சொன்னவர் கேட்டிருக்க மாட்டார். குழந்தைக்கு மருந்து விற்பவரையும் பால் விற்பவரையும் யாரும் அப்படிக் கேட்பதில்லை. வீட்டில் இருக்கும் பெண் தன் உழைப்புக்கு விலை சொன்னால் மட்டும் அது பேராசையாகத் தெரிகிறது. இலவசமாகத் தைத்துக் கொடுத்தவரை நான் நல்லவள். துணி, நூல், என் தூக்கம் மூன்றையும் கணக்கில் சேர்த்த அன்று கெட்டவளானேன்.

அந்தக் கணக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் யோசனை நல்லதா என்பது அங்கேதான் தெரியும். எங்கள் ஊரில் பனியன் துணியை மீட்டரில் வாங்குவதில்லை, கிலோவில் வாங்குவோம். குறைமாதச் சட்டைக்கு, வெட்டில் போகும் கழிவும் சேர்த்து, ஒரு கிலோ இன்டர்லாக்கில் ஏறக்குறைய 30 சட்டைகள் வரும், அப்போதைய விலையில் ஒன்றுக்குத் துணி மட்டும் 12 ரூபாய். இதை வைத்து 40 ரூபாய் என்று விலை சொன்னேன், நிறைய மிஞ்சுவதாக நினைத்தேன். நாடா, நூல், தையல் கூலி, சுருங்காமல் இருக்க முன்கூட்டியே துவைத்து உலர்த்துவது, பிசிறு வெட்டுவது, பை, கூரியர் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தபோது கையில் ஒன்றும் நிற்கவில்லை. 75 ரூபாய் ஆக்கினேன். வாங்குபவர்கள் குறையவில்லை. முதல் பத்துப் பேர் மறுக்காமல் வாங்கினால் விலை குறைவாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை.

துணியின் ஓரத்தைப் பிசிறு வராமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் வாங்க 40,000 ரூபாய் தேவைப்பட்டபோது ஒரு வங்கிக்குப் போனேன். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில், சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமின்றிக் கடன் உண்டு, அந்தத் திட்டம் 2015-இலேயே வந்துவிட்டது. பதினான்கு மாத வரவு செலவு நோட்டை மேசை மீது வைத்தேன். அதைத் திறந்தும் பார்க்காமல், கணவரின் சம்பளச் சீட்டையும் கையெழுத்தையும் கொண்டுவரச் சொன்னார்கள். என் கணவர் கையெழுத்துப் போட மறுப்பவர் அல்ல, ஆனாலும் நான் கொண்டுபோகவில்லை. என் வளையலை அடகு வைத்து இயந்திரம் வாங்கி ஒன்பது மாதங்களில் மீட்டேன். எல்லா வங்கியிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, எங்கள் தெருவிலேயே எளிதாகக் கடன் வாங்கியவர் இருக்கிறார். பின்னர் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு செய்யப் போனபோது இடைத்தரகர் ஒருவர் 1,500 ரூபாய் கேட்டார். அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம், யாருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

உனக்கு நேர்ந்தது தற்செயல், எல்லோருக்கும் அப்படி நேருமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குறைமாதப் பிரசவம் யாருக்கும் நேரக் கூடாது, அதை நான் வழி என்று காட்டவில்லை. ஆனால் லிஜ்ஜத் அப்பளம் எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1959 மார்ச் 15 அன்று பம்பாயின் கிர்காமில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடனில், நான்கு பாக்கெட் அப்பளம் இட்டார்கள். அவர்கள் புதிதாக எதையும் கற்கவில்லை, குஜராத்தி வீடுகளில் கைக்குப் பழகிய வேலையையே செய்தார்கள். பின்னாளில் உணவகங்கள் நடத்திய பட்ரீஷியா நாராயண், சென்னையில் 1982-இல் மெரினாவில் தள்ளுவண்டிக் கடை போட்ட முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 50 பைசா. ஆனால் அதற்கு முன்பே அவர் வீட்டில் போட்ட ஊறுகாயையும் ஜாமையும் அவருடைய தாய் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் விற்றுக் கொடுத்திருந்தார். இவர்களும் கைக்குத் தெரிந்த வேலையில்தான் தொடங்கினார்கள்.

எனவே, ஏற்கெனவே யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. குழந்தைச் சட்டையைத் திருப்பூரில் எத்தனையோ பேர் தைக்கிறார்கள், 1,500 கிராம் குழந்தைக்கு மட்டும் யாரும் தைக்கவில்லை. எங்கள் தெருவில் மாவு விற்பவர்கள் மூவர் இருந்தும், சர்க்கரை நோயாளி மாமனாருக்காகச் சிறுதானிய மாவு அரைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பக்கத்து வீட்டார் கேட்டுக் கேட்டு வாங்கி, இப்போது அவர் அதை மட்டுமே விற்கிறார். என் ஓவர்லாக்கில் தைக்கும் பெண்ணின் தங்கை, அலுவலகம் போகும் மூன்று தாய்மாரின் பிள்ளைகளைப் பள்ளி வேனிலிருந்து இறக்கி, சாப்பாடு கொடுத்து, வீட்டுப்பாடம் எழுதவைத்து, மாலை ஆறரைக்கு ஒப்படைக்கிறார். முதலில் தன் பிள்ளையோடு சேர்த்து உதவியாகச் செய்தது அது.

நீங்கள் ஒரு மாதம் ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் யார் எதைக் கேட்டாலும் எழுதுங்கள்: எப்படிச் செய்தாய், எங்கே வாங்கினாய், எனக்கும் ஒன்று செய்து தருவாயா என்ற கேள்விகள் எல்லாவற்றையும். கூடவே, பிள்ளைகளுக்காகக் கடையில் தேடிக் கிடைக்காமல் நீங்களே ஒப்பேற்றிய பொருள்களையும் எழுதுங்கள். நாம் அவற்றை வேலையாகவே நினைப்பதில்லை, எனவே எழுதாவிட்டால் மறந்துவிடும். ஒரே பொருளை உறவல்லாத இரண்டு பேர் கேட்டிருந்தால், மூன்றாமவருக்கு விலை சொல்லிப் பாருங்கள். பணத்தை அதன்பிறகு போடுங்கள், இயந்திரத்தை அதற்கும் பிறகு வாங்குங்கள். விலை சொல்லும்போது குரல் தடுமாறும், எனக்கும் தடுமாறியது.

முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்பதை உங்கள் கேள்வியில் எழுதவில்லை. அதையும், சென்ற வாரத்தில் உங்களிடம் யாராவது கேட்ட ஏதேனும் ஒன்றையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். மதியம் துணி வெட்டும் நேரம், இரவு ஒன்பது மணிக்குமேல் கட்டாயம் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.