மருத்துவ ஆய்வகம்: சட்டமும் அறமும் – கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆய்வகம் நடத்துவோரும் அங்கே பணிபுரிவோரும் கேட்ட கேள்விகளுக்கு நோய்க்குறியியல் (பெத்தாலஜி) மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள்.

பாலக்கோட்டில் ஆய்வகம் நடத்துபவர்: அம்மா, நோயாளிகளை அனுப்பும் மருத்துவர்கள் கட்டணத்தில் பாதியைக் கமிஷனாகக் கேட்கிறார்கள். மறுத்தால் அடுத்த தெரு லேப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று ரசீது போட்டுக் கொடுத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பெயரை மாற்றினாலும் பணம் அதே பணம்தான். நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் பெறுவதையும் கொடுப்பதையும் இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை ஒழுங்குமுறைகள் மருத்துவருக்குத் தடை செய்கின்றன. நீங்கள் மருத்துவர் அல்லர் என்பதால் அவ்விதி உங்களைத் தொடாது என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் உங்கள் அறிக்கையில் கையொப்பமிடும் மருத்துவரை அது கட்டாயம் தொடும். மேலும், பெறுபவருக்குத் தடைசெய்யப்பட்ட இத்தகைய தொகையை வருமான வரிக் கணக்கில் தொழில் செலவாகக் கழிக்க முடியாது என்பதை 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தெளிவுபடுத்திவிட்டது.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது, அந்தப் பாதிப் பணம் எதிலிருந்து பிடிக்கப்படுகிறது என்பதுதான். 300 ரூபாய் சோதனையில் 150 ரூபாய் வெளியே போய்விட்டால் ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதிப்பொருள்), சம்பளம், வாடகை எல்லாம் மீதியில் அடங்க வேண்டும். முதலில் நின்றுபோவது காலையில் ஓட்ட வேண்டிய கன்ட்ரோல், அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க உதவும், முடிவு முன்பே தெரிந்த மாதிரி. பிறகு, காலாவதியான ரீஏஜென்ட் இன்னும் ஒரு வாரம் ஓடும். கடைசியில் சாம்பிளைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ‘நார்மல்’ எண்களைத் தட்டச்சு செய்து கொடுக்கும் கொடுமை வரை போகும். தைராய்டு போன்ற சோதனைகளை எலைசா முறையில் செய்வதற்கான தட்டு ஒன்றில் 96 குழிகளே உண்டு. அவற்றிலும் சில கன்ட்ரோலுக்கும் அளவுத்திருத்தத்துக்கும் போய்விடும். ஒரே ஒரு தட்டு செலவான மாதத்தில் 200 தைராய்டு அறிக்கைகள் வெளியே போயிருந்தால், கொள்முதல் ரசீதையும் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிற எவருக்கும் உண்மை புரிந்துவிடும்.

கமிஷனாகக் கொடுக்க நினைக்கும் தொகையை நோயாளியின் கட்டணத்தில் குறைத்து, அந்தக் கட்டணப் பட்டியலை வாசலில் மாட்டுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உங்கள் கன்ட்ரோல் வரைபடத்தை எடுத்துச் செல்லுங்கள். சிலர் அப்போதும் அனுப்ப மாட்டார்கள் என்பது உண்மையே. ஆனாலும் சந்தேகமான ஒரு முடிவை வைத்துக்கொண்டு மருந்து எழுதத் தயங்கும் மருத்துவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை நம்பித்தான் ஆய்வகம் நடத்த வேண்டும்.

கிருஷ்ணகிரியில் பணிபுரியும் தொழில்நுட்பர்: எங்கள் மருத்துவர் வெளியூரில் இருக்கிறார். அவருடைய கையொப்பத்தை ஸ்கேன் செய்து வைத்து எல்லா அறிக்கையிலும் ஒட்டுகிறோம். தவறா?

பதில்: தவறுதான். ஆய்வக அறிக்கையில் நோய்க்குறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற, பதிவுபெற்ற மருத்துவரே ஒப்பமிட வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒப்பமிடுபவர் முடிவைப் பார்த்திருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அவர் பார்க்காத அறிக்கையில் பிழை நேர்ந்தால் ஒட்டிய நீங்கள், ஒட்டச் சொன்ன உரிமையாளர், பெயரைக் கொடுத்த மருத்துவர் என மூவருமே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஓசூர் வாசகர்: வேலைக்குச் சேருவோரின் ரத்தத்தை எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்று, எச்.ஐ.வி. சோதனையும் செய்து முடிவைத் தங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்கிறது. செய்யலாமா?

பதில்: செய்யக் கூடாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, வேலை தருவதற்கு இச்சோதனையை நிபந்தனையாக்க முடியாது. விளக்கிச் சொல்லிப் பெற்ற ஒப்புதல் இல்லாமல் சோதனை செய்யவும் முடியாது. ரத்தம் எடுப்பதற்காகக் கையை நீட்டியதையே ஒப்புதலாகக் கொள்ளாதீர்கள். வேலை தேடி வந்த இளைஞர் எதற்கும் தலையாட்டத்தான் செய்வார். அவருக்காகப் பேசக்கூடியவர் அந்த இடத்தில் நீங்கள் மட்டுமே. அந்தச் சோதனையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, காரணத்தை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

அரூர், கலெக்ஷன் சென்டர் ஊழியர்: கர்ப்பிணியின் ரத்தத்தை எடுத்து வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும் என்று ஒரு குடும்பத்தினர் வற்புறுத்துகிறார்கள். ரத்தம் எடுப்பதோடு என் வேலை முடிந்துவிடுகிறது அல்லவா?

பதில்: அதோடு முடிந்துவிடாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாவட்டம் இது. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எவ்வகையிலோ தெரிவிப்பதைத் தடை செய்கிறது. இதற்குத் தொழில்நுட்ப உதவி செய்யும் ஊழியருக்கும் முதல் குற்றத்துக்கே 3 ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ரத்தம் எடுக்க மறுத்துவிடுங்கள். அவர்கள் மீண்டும் வந்தால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் தெரிவியுங்கள்.