சூம் வகுப்பில் தெரியாத ஆள் நுழைந்தால்

டீச்சர், வெள்ளவத்தையில் இருந்து நீங்கள் எடுக்கும் ஓஎல் கணித சூம் வகுப்பில் யாரோ பொய்ப் பெயரில் வந்து கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போனதிலிருந்து பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்றீர்களே. லிங்க் வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறிப் போயிருக்கும், வேறென்ன. நீங்கள் விடும்வரை வருபவரை வெளியே நிறுத்தி வைக்கிற வெயிட்டிங் ரூமைப் போட்டு, உங்கள் இடாப்பில் உள்ள பெயரோடு வருபவரை மட்டும் உள்ளே எடுங்கள். பெயர் மாற்றும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். சாட் ஹோஸ்டான உங்களுக்கு மட்டும் வரும்படி வைத்தால் பிழையான விடை உங்களுக்கு மட்டும்தான் தெரியும், கூச்சப்படுகிற பிள்ளையும் துணிந்து எழுதும். கேமரா போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், ஒரே அறையில் அம்மம்மாவும் தம்பியும் இருக்கிற வீடுகள்தானே கொழும்பில். அப்புறம், அந்த ஆள் எந்தப் பிள்ளைக்காவது தனியாக மெசேஜ் அனுப்பியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பெற்றோரிடமும் சொல்லி, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு கோல் எடுங்கள்.