மலேசியால படம் பாக்கணும்னா வாடகையா, ரோட்டு காப்பியா?

கேள்வி இதான்: "வண்ணாரப்பேட்டைலேர்ந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு போறேன், ரூம்ல எட்டு பசங்க, லீவு நாள்ல படம்தான் பொழுதுபோக்கு. வாடகைக்கு எடுத்து பாத்தா கட்டுப்படி ஆகுமா, இல்ல ரோட்டுல சீப்பா விக்கறத வாங்கிக்கலாமா? அதெல்லாம் இன்னும் கிடைக்குதா?"

வாடகைதான் தம்பி. நியாயம் தர்மம்லாம் அப்பறம் பேசிக்கலாம், மொதல்ல காசு கணக்கே பாப்போம். ஒரு படத்த நீ எத்தினி வாட்டி பாப்ப? தலைவர் படம், உனக்குன்னு ஒரு காமெடி படம், அம்மாவுக்கு புடிச்ச ஒன்னு ரெண்டு, அத விட்டா மத்ததெல்லாம் ஒரே வாட்டிதான், அதுலயும் பாதில தூங்கிடுவ. ஒரு வாட்டி பாத்துட்டு கட்டிலுக்கு அடியில போடற டிஸ்க்க சொந்தமா வாங்கி இன்னா பண்ண போற? ரோட்டுல விக்கறவன் சீப்பா தரான்னு தோணும், ஆனா யோசிச்சு பாத்தா அவன் உங்கிட்ட வாங்கறதே வாடகைதான், திருப்பி எடுத்துக்க மாட்டான், ஓடலன்னா பதிலும் சொல்ல மாட்டான், அவ்ளோதான் வித்தியாசம்.

நான் தண்டையார்பேட்டை. நம்ம பக்கத்துல வாடகைக்கு படம் பாக்கறது ஒன்னும் புதுசு கிடையாது. டெக்கு, அதான் கேசட்டு போட்டு படம் ஓட்டற மெஷினு, அந்த காலத்துல எங்க தெருவுல நாலு வூடு சேந்து காசு போட்டு கலர் டிவியும் டெக்கும் ஒரு நைட்டுக்கு எடுப்பாங்க, மூணு கேசட்டு, மொத படம் சாமி படமோ பழைய படமோ பெரியவங்களுக்கு, நடுவுல புதுசு, விடியகாத்தால ஓடற மூணாவது படத்துக்கு முழிச்சிக்கினு இருக்கறது பசங்க மட்டும்தான். படம் கோடு கோடா வந்துச்சுன்னா டெக்க தொறந்து ஹெட்ட ஒரு புது ரூவா நோட்டால தொடைப்பாங்க, அதுக்குன்னே தெருவுல ஒருத்தர் இருப்பார், அவர் வந்து கைய வெச்சா சரியாயிடும். காலைல கடைக்கு திருப்பி குடுக்கறப்ப கேசட்ட ரீவைண்ட் பண்ணி குடுக்கலன்னா கடைக்காரர் மூஞ்ச தூக்கி வெச்சிக்குவார். இவ்ளோ இருந்தும் யாரும் கேசட்ட சொந்தமா வாங்கணும்னு நெனச்சது கெடையாது, வாங்கறதுக்கு வசதியும் இல்ல, தேவையும் இல்ல.

விசிடி வந்தப்பறம்தான் எல்லாம் மாறுச்சு. பீச் ஸ்டேஷன் பக்கத்துல ராஜாஜி சாலைல பர்மா பஜார், 1969ல பர்மாலேர்ந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க பொழைக்கறதுக்காக அமைச்சது, ஃபாரின் சாமான்னாலே அங்கதான் போவாங்க. அங்க அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், சாப்ட போற சாக்குல படமும் வாங்கிக்கினு வருவோம். ஒரு விசிடில 80 நிமிசம் கூட முழுசா ஏறாது, நம்ம படம் ரெண்டரை மூணு மணி நேரம், அதனால ரெண்டு டிஸ்க்கு இல்ல மூணு டிஸ்க்கு. ஓடாம போற டிஸ்க்கு எப்பவும் கடைசி டிஸ்க்கா இருக்கறதுக்கு இன்னா காரணம்னு இன்னிக்கு வரிக்கும் எனக்கு புரியல. கிளைமாக்ஸ எதிர் வூட்டு அக்கா வாயால கதையா கேட்டு முடிச்ச படம் நெறைய இருக்கு.

2004ல தமிழ்நாட்ல திருட்டு விசிடி ஆளுங்களயும் குண்டர் சட்டத்துல சேத்தாங்க, விசாரணையே இல்லாம ஒரு வருசம் வரிக்கும் உள்ள வெக்கலாம். அதுக்கப்பறம் சில எடத்துல வெறும் கவர மட்டும் காட்டுவாங்க, நீ கைய வெச்சதும் ஒரு சின்ன பையன் எங்கியோ ஓடிப்போய் டிஸ்க்க எடுத்துக்கினு வருவான்.

அப்பறம் வந்துச்சு அஞ்சு படம் ஒரே டிவிடி. இத கேட்டதும் எல்லாருக்கும் லாபம்னு தோணும், ஆனா உள்ள இருக்கற கணக்க பாரு. சாதா டிவிடி 4.7 ஜிபி, அதுல அஞ்சு படத்த அமுக்குனா ஒரு படத்துக்கு ஒரு ஜிபி கூட வராது, பழைய விசிடிலயே ரெண்டு டிஸ்க்கையும் சேத்தா அதுக்கு மேல வரும். அதான் மழை சீன்லயும் ஃபைட்டுலயும் மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா ஒடையும். டிஸ்க்க திருப்பி அடியில பாரு, ஊதா கலர் அடிச்சா கம்ப்யூட்டர்ல வெச்சு எழுதுனது, பளிச்சுன்னு வெள்ளியா இருந்தா ஃபேக்டரில அச்சு போட்டது. ஊதா டிஸ்க்கு வெயில் பட்டு கெடந்தா சீக்கிரமே மண்டைய போட்டுடும், அதுல இருக்கற சாயம் அப்பிடி.

இப்ப மலேசியா மேட்டருக்கு வரேன். நான் இருந்தது கோலாலம்பூர்ல செந்தூல். நம்ம பெரம்பூர் மாரியே அங்கயும் பெரிய ரயில்வே ஒர்க்ஷாப்பு இருந்த ஏரியா, அதனாலயே அந்த காலத்துலேர்ந்து தமிழ் ஜனங்க ஜாஸ்தி. எங்க ரூமுக்கு கீழ ஒரு தமிழ் கடை, மளிகை, பூ, போன் கார்டு, ஒரு பக்கம் அலமாரி நெறைய படம், டெபாசிட் கட்டி பேர எழுதிக்கினா வாடகைக்கு எடுக்கலாம். கடைக்கார அண்ணே நமக்கு இன்னா புடிக்கும்னு கண்டுபுடிச்சி வெச்சிருப்பார், புதுசா ஒன்ன எடுத்தா "தம்பி அது சரியில்ல, ரெண்டு வெள்ளிய வீணாக்காத, இத எடுத்துட்டு போ"ன்னு வேற ஒன்ன கையில குடுப்பார். அங்க ரிங்கிட்ட வெள்ளின்னுதான் சொல்வாங்க, போன உடனே பழகிடும்.

ரோட்டு காப்பிக்கு அப்ப பெட்டாலிங் ஸ்ட்ரீட், இல்லன்னா ஏரியாவுக்கு ஏரியா சாயங்காலம் போடற பாசார் மாலாம், அதாவது நைட்டு சந்தை. துணி, பழம், குச்சில குத்தி சுட்ட கறி சாத்தே, அதுக்கு நடுவுல ஒரு மடக்கு மேசைல படம். போலீஸ் வருதுன்னு ஒரு விசில் வந்துச்சுன்னா மேசை ரெண்டே நிமிசத்துல மடங்கி காணாம போயிடும், காசு குடுத்துட்டு மீதி சில்லறைக்கு நின்னுக்கினு இருக்கறவன் நின்னுக்கினே இருப்பான்.

எங்க ரூம் பசங்க அங்க ஏன் போனாங்கன்னா காசு கம்மின்னு கெடையாது, எனக்கு இது ரொம்ப லேட்டா தான் புரிஞ்சுது. வாடகை கடையும் கிட்டத்தட்ட அதே காசுதான். ஊர்ல தம்பி போன்ல "படம் பாத்துட்டியா, இன்டர்வல் பிளாக் எப்பிடி"ன்னு கேக்கறான், அத அந்த வாரமே பாக்கணும், கடைல ஒரிஜினல் வர மாசம் ஆவும், அது வரிக்கும் பேச்சுல கலந்துக்க முடியாது. அந்த அவசரத்துக்குதான் அங்க ஜனம் காசு குடுக்குது. குடுத்துட்டு தியேட்டர்ல கேமராவ வெச்சு எடுத்தத பாக்கும், குறுக்க ஒருத்தன் எந்திரிச்சு போவான், டயலாக்கு கெணத்துக்குள்ளேர்ந்து வரா மாரி கேக்கும், ஹீரோ பஞ்ச் சொல்றப்ப விசில் சத்தத்துல ஒன்னும் காதுல விழாது. அந்த அவசரம் உனக்கு இருந்தா நேரா தியேட்டருக்கே போயிடு. பெரிய படம்லாம் அங்க நம்ம ஊரு ரிலீஸ் அன்னிக்கே வந்துடும், துவாங்கு அப்துல் ரகுமான் சாலைல கொலிசியம்னு 1920கள்ல கட்டுன பழைய தியேட்டர்லயும் தமிழ் படம் ஓடும், கைதட்டல் கேட்டா நம்ம தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர்ல ஒக்காந்துக்கினு இருக்கறா மாரியே இருக்கும். அகஸ்தியாவதான் 2020ல மூடிட்டாங்க, அது வேற வயித்தெரிச்சல்.

இன்னொன்னு ரூமுக்கு முக்கியம். எட்டு பேர்ல நேபாளி, பங்களாதேஷ் பசங்க இருந்தா ரோட்டு காப்பில சப்டைட்டில் இருக்காது, இல்லன்னா இருக்கற சப்டைட்டில் வேற ஏதோ படத்துக்கு எழுதுனா மாரி இருக்கும். எங்க ரூம்ல ஒரு நேபாளி தம்பி, நம்ம படம்னா உசுரு, ஒவ்வொரு சீனுக்கும் "என்ன சொன்னான் அண்ணே"ன்னு கேட்டுக்கினே இருப்பான், நாங்க பதில் சொல்றதுக்குள்ள அடுத்த சீன் போயிடும். வாடகை கடை ஒரிஜினல்ல இங்கிலீஷ் சப்டைட்டில் ஒழுங்கா வரும், அவனும் சிரிப்பான், நாங்களும் நிம்மதியா பாப்போம்.

சட்டம் பத்தி நீ கேக்கல, ஆனா வேலை பர்மிட்டுல போறவன் தெரிஞ்சிக்கணும். சொந்தமா பாக்க ஒரு காப்பி வெச்சிருக்கறது வேற, ஆனா அங்க காப்பிரைட் சட்டப்படி ஒரே படத்தோட மூணு காப்பியோ அதுக்கு மேலயோ கையில இருந்தா அது சொந்த உபயோகத்துக்கு இல்லன்னே எடுத்துக்குவாங்க, சொந்தத்துக்குதான்னு நிரூபிக்க வேண்டியது உன் வேல. பக்கத்து ரூம் பசங்களுக்கும் சேத்து வாங்கியாறேன்னு நல்ல மனசோட கெளம்பாத, போலீஸ் கேஸுன்னு ஆச்சுன்னா பர்மிட்டுக்கே பேஜாரு. ஒரிஜினல்னா மலேசியால 2003லேர்ந்து கவர் மேல அரசாங்க ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டணும்னு ரூல், அத பாத்து வாங்கு.

இப்ப டிஸ்க்கு கடைங்க கொஞ்சம்தான், அந்த எடத்துக்கு டிவில மாட்டி நெட்டுல படம் பாக்கற ஆண்ட்ராய்டு பாக்ஸ் வந்துடுச்சு, ஒரு வாட்டி காசு குடுத்தா எல்லா சேனலும் எல்லா படமும்னு சொல்லி விப்பாங்க. 2022ல சட்டத்த திருத்தி திருட்டு ஸ்ட்ரீமிங் பாக்ஸ் விக்கறவனுக்கு 20 வருசம் வரிக்கும் ஜெயில், 2 லட்சம் வெள்ளி வரிக்கும் அபராதம்னு வெச்சிருக்காங்க. அது விக்கறவனுக்கு. உனக்கு இன்னா ஆவும்னா, அவன் செர்வர நிறுத்திட்டான்னா உன் பாக்ஸ் வெறும் டப்பா, கேக்கறதுக்கு ஆளு இருக்காது.

அதனால இன்னிக்கு வாடகைன்னா போன்லயும் டிவிலயும் எடுக்கற வாடகைதான். யூடியூப் மாரி எடத்துல எடுத்தா பொதுவா 30 நாளுக்குள்ள எப்ப வேணா ஆரம்பிக்கலாம், ஆரம்பிச்சுட்டா 48 மணி நேரத்துல முடிச்சிடணும். அதனால சனிக்கெழம நைட்டு ஷிஃப்ட்டு முடிச்சிட்டு வர பசங்களும் பாக்கற மாரி டைம் பாத்து ஆரம்பி, எட்டு பேர் காசு போட்டா ஒருத்தனுக்கு ஒரு டீ காசு கூட வராது, எங்க தெருவுல டெக்கு எடுத்த அதே கணக்குதான். மாச சந்தா எடுக்கறதா இருந்தா ஒன்னு சொல்றேன், இங்க எடுத்த அக்கவுண்ட்ட அங்க தொறந்தா படத்தோட லிஸ்ட்டே மாறிடும், இங்க பாத்த படம் அங்க காட்டாது, அங்க போய் அங்கத்த கார்டு கைக்கு வந்தப்பறம் பாத்து எடு, இங்கயே வருச சந்தா கட்டிக்கினு போவாத.

சொந்தமா வாங்கணும்னு தோணற அந்த நாலஞ்சு படத்த மட்டும் ஒரிஜினலா வாங்கு. ஊருக்கு எடுத்துக்கினு வரதா இருந்தா தமிழ் படம் நெறைய ரீஜன் பூட்டு, அதாவது இந்தந்த நாட்டு பிளேயர்ல மட்டும்தான் ஓடும்ங்கற பூட்டு, இல்லாமத்தான் வரும், பிரச்சன இல்ல, இங்கிலீஷ் படம் வாங்குனா பாத்துக்கோ, மலேசியா டிவிடி ரீஜன் 3, நம்ம ஊரு 5, சில பிளேயர்ல ஓடாது. அதுக்கும் முன்னாடி வூட்ல அந்த டிவிடி பிளேயர் இன்னும் இருக்கா, பழைய இரும்பு கடைக்கு போட்டுட்டாங்களான்னு ஒரு போன் போட்டு கேட்டுக்கோ.