பழைய காரின் இன்ஜினைப் பிரிக்காமல் சோதிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு): ஐயா, வணக்கம். 2014ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். ஓட்டிப் பார்த்ததில் குறை எதுவும் தெரியவில்லை. இன்ஜினைப் பிரிக்காமல் அதன் உள்நிலையை அறிய வழி உண்டா?

பதில்: வணக்கம். உண்டு, ஆனால் ஓட்டிப் பார்ப்பது மட்டும் அதற்குப் போதாது. ஒரு சிலிண்டர் ஓரளவு தளர்ந்திருந்தாலும் மற்ற மூன்றும் அதை ஈடுகட்டிவிடுவதால், நகருக்குள் ஓட்டும்போது அது தெரியாமலே போகலாம். ஆகவே முதலில், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோல் வரத்தையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு பிளக் துளையிலும் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக மிதித்தபடி, முள் மேலும் ஏறாமல் நிற்கும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் நல்ல இன்ஜினும் குறைவாகவே காட்டும் என்பதால், அதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் 150 முதல் 200 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை கிடைக்கும். துல்லியமான அளவுக்கு அந்த மாடலின் சர்வீஸ் மானுவலே ஆதாரம். என்னைக் கேட்டால், எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாட்டையே முக்கியமாகப் பார்க்க வேண்டும். நான்கும் 160ஐ ஒட்டி நிற்கும் இன்ஜினை நான் நம்புவேன். மூன்றில் 180ம் ஒன்றில் 130ம் காட்டும் இன்ஜினை நம்ப மாட்டேன்.

கேள்வி (மதுரை): எங்கள் மெக்கானிக் பார்த்ததில் இரண்டாவது சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைவாக இருக்கிறது. ரிங் தேய்ந்ததா, வால்வு பழுதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அந்த ஆயில், பிஸ்டனைச் சுற்றி வளையமாக உள்ள ரிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிறிது நேரம் அடைத்துக்கொள்ளும். அப்போது அழுத்தம் தெளிவாக ஏறினால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ, இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேற்பகுதியான ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால், அவற்றுக்கு இடையே கேஸ்கெட் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னும் உறுதியாக அறிய லீக்டவுன் சோதனை இருக்கிறது. பிஸ்டனைக் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரெஸர் காற்றைச் செலுத்திவிட்டு, அது எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது ஹெட்டில் விரிசல் இருக்கலாம். இந்தக் கருவி எல்லாப் பட்டறைகளிலும் இருக்காது; ஆனாலும் விசாரித்துத் தேடிச் செல்லும் அளவுக்குப் பயனுள்ள சோதனை இது.

கேள்வி (ஊட்டி): ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படிந்திருக்கிறது. வண்டியை விட்டுவிடலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து விட்டுவிட வேண்டாம். குளிரான ஊரில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில், இன்ஜின் முழுதாகச் சூடேறாததால் ஈரம் தங்கி, மூடியில் இப்படிப் படிவதுண்டு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலும் ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தாலோ, கூலன்ட் காரணமின்றிக் குறைந்துவந்தாலோ வாங்க வேண்டாம்.

கேள்வி (சென்னை, முடிச்சூர்): 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பகுதியில் இருந்த கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. தண்ணீர் இன்ஜினுக்குள் போகவில்லை என்று விற்பவர் உறுதியளிக்கிறார். நம்பலாமா?

பதில்: சோதிக்காமல் நம்பாதீர்கள். ஏர் இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால், தண்ணீரை அமுக்க முடியாத பிஸ்டன் தடைபட்டு, பிஸ்டனைத் தாங்கும் தண்டான கன்னெக்டிங் ராட் வளைந்துவிடக்கூடும். வளைவு சிறிதாக இருந்தால் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகு இன்ஜின் ஓடவே செய்யும். பின்னர் ஒருநாள் நெடுஞ்சாலையில் அந்த ராட் முறிந்து, பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளிவரக்கூடும்.

முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதிலிருந்து செல்லும் குழாயையும் கழற்றி, உள்ளே வண்டல் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளக் துளை வழியாக, கைப்பேசியில் இணைக்கும் எண்டோஸ்கோப் கேமராவை இறக்குங்கள். நல்ல சிலிண்டரின் சுவரில் குறுக்கும் மறுக்குமான மெல்லிய ஹோனிங் கோடுகள் (தயாரிப்பின்போது இழைத்தவை) தெரியும். அவற்றை வெட்டிக்கொண்டு நெடுக்காக ஆழ்ந்த கீறல்கள் ஓடினாலோ, துருத் தடம் வளையம்போல் சுற்றியிருந்தாலோ எச்சரிக்கை. ராட் வளைந்தால் அந்தப் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போதும் மற்றவற்றைவிடச் சற்றுத் தாழ்ந்தே நிற்கும்; அதனால் சுவரின் மேல் விளிம்பில் உள்ள கரிப்பட்டை அந்தச் சிலிண்டரில் மட்டும் அகலமாகத் தெரியும், கம்ப்ரெஷனும் சற்றுக் குறையும். நான்கு சிலிண்டர்களையும் படமெடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

இந்தச் சோதனைகளுக்கு விற்பவர் இணங்க மறுத்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிடுகிறது. இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும், வால்வுத் தண்டு வழியாக ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீல் கெட்டிருக்கும்; இரவில் ஆயில் மெல்லக் கசிந்து, காலையில் எரிந்து தீர்கிறது. முழு இன்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவே. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஓட்டும்போதெல்லாம் நீலப் புகை தொடர்ந்தால் ரிங்கைப் பார்க்க வேண்டும். இதனால்தான் வண்டி பார்க்கப் போகும்போது, “நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் செல்லுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): டீசல் காருக்கும் இதே சோதனைகள் பொருந்துமா?

பதில்: முறை ஏறக்குறைய அதுவே. ஆனால் டீசல் இன்ஜினில் அழுத்தம் பொதுவாக 350 பிஎஸ்ஐக்கு மேல் செல்வதால் பெட்ரோல் கேஜைப் பயன்படுத்தக் கூடாது. டீசலுக்கென்றே உள்ள கேஜ் வேண்டும். தேக்கரண்டி ஆயில் விடும் சோதனையையும் டீசலில் தவிர்த்துவிடுங்கள். கேஜையும் கேமராவையும், குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் க்ளோ பிளக்கின் துளை வழியாகவோ இன்ஜெக்டர் துளை வழியாகவோ இறக்குவார்கள். பல ஆண்டுகளாகக் கழற்றாத க்ளோ பிளக் கரி இறுகி, திருகும்போதே முறிந்து ஹெட்டுக்குள் தங்கிவிடுவதுண்டு. முறிந்தால் செலவு யாருடையது என்பதை விற்பவரிடம் முன்பே பேசி முடிவுசெய்துவிட்டு, அதன் பிறகே ஸ்பேனரை வைக்கச் சொல்லுங்கள்.