'டவுட்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'பி' ஏன் ஒலிப்பதில்லை? 'ஐ ஹேவ் எ டவுட்' என்று கேட்பது தவறா?

இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதாக இருக்கும். மீட்டிங்கில் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று ஆரம்பித்திருப்பீர்கள், யாராவது நாலு பேர் முன்னால் திருத்தியிருப்பார்கள். எனக்கும் அது நடந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் 'பி'. லத்தீனில் 'துபிதாரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. முடிவுக்கு வர முடியாமல் தயங்கி நிற்பது என்று பொருள். 'துவோ', அதாவது இரண்டு என்ற சொல்லோடு உறவுள்ளது. நாம் 'ரெண்டு மனசா இருக்கு' என்கிறோமே, அதேதான். ஜெர்மன்காரர்கள் சந்தேகத்தை 'ட்ஸ்வைஃபல்' என்பார்கள், அதற்குள்ளும் 'ட்ஸ்வை' என்ற இரண்டு உட்கார்ந்திருக்கிறது. லத்தீன் சொல் பிரெஞ்சுக்குப் போனபோது 'பி' தேய்ந்து போனது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலம் அதை பிரெஞ்சிடமிருந்து வாங்கியபோது எழுத்திலும் 'பி' இல்லை, பேச்சிலும் இல்லை. பிற்பாடு 15, 16ஆம் நூற்றாண்டுகளில், லத்தீன் படித்தவர்கள் மூலச் சொல்லைக் காட்டுவதற்காக எழுத்தில் மட்டும் அதைத் திரும்பச் செருகினார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லிலும் இதே கதைதான். 1598இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், இந்த இரண்டு சொற்களிலும் 'பி'யை உச்சரிக்காதவர்களைத் திட்டுவார். ஆனாலும் மக்களின் வாய் மாறவில்லை.

இனி என் கதை. 2012, வேலையில் சேர்ந்து நாலு மாதம். பன்னிரண்டாவது வரை நான் தமிழ் மீடியம். மேஜை நடுவில் மூன்று கால் வைத்த கான்ஃபரன்ஸ் போன், சுற்றி நாங்கள் எட்டுப் பேர். அந்தப் பக்கம் அமெரிக்க கிளையன்ட், வயதானவர். ஒரு வேலைக்கு 340 மணி நேரம் ஆகும் என்று கணக்கு வாசித்தார். அதில் டெஸ்டிங், அதாவது செய்ததைச் சோதித்துப் பார்க்கும் வேலை, சேருமா சேராதா என்று எனக்குத் தெரிய வேண்டும். 'ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் எஸ்டிமேட்' என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "நான் போட்டதில் எது தப்பு என்கிறீர்கள்?" என்று கேட்டார். என் டீம் லீட் மியூட்டை அமுக்கினார். போனில் பச்சை விளக்கு சிவப்பானது. "அவர் கணக்கு மேலேயே சந்தேகமா? யாருப்பா உனக்கு இப்படிப் பேசச் சொல்லிக்கொடுத்தது?" என்றார். காதெல்லாம் சூடாகிவிட்டது, அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. டெஸ்டிங் அந்தக் கணக்கில் சேரவில்லை என்பது மூன்று வாரம் கழித்துத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. வருஷ முடிவில் அப்ரைசலில் 'கம்யூனிகேஷன்' கட்டத்தில் எனக்கு ஐந்துக்கு இரண்டு.

     

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் 'சந்தேகம்' இரண்டு வேலை செய்கிறது. கணக்கில் சந்தேகம் என்றால் புரியவில்லை, சொல்லிக்கொடுங்கள் என்று பொருள். ஆள் மேல் சந்தேகம் என்றால் நம்பிக்கை இல்லை. 'இல்', 'மேல்' என்ற உருபே நமக்குப் பிரித்துக் காட்டிவிடுகிறது. தெலுங்கிலும் வகுப்பில் 'சந்தேஹம்' என்று கேட்பார்கள். இந்த முதல் பொருளையும் சேர்த்தே நாம் 'டவுட்' மேல் ஏற்றிவிட்டோம். அமெரிக்கர் காதில் விழுவது இரண்டாவது மட்டும்தான்.

'தப்பைத் தப்பென்று சொல்ல வேண்டியதுதானே, ஏன் சப்பைக்கட்டு?' என்று கேட்க ஆள் வருவார்கள் என்று தெரியும். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'டவுட்' என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் அச்சம் என்ற பொருளும் இருந்தது. அஞ்சத்தக்கவரை 'ரிடௌட்டபிள்' என்று சொல்வது அதன் மிச்சம்தான். ஸ்காட்லாந்தில் 'ஐ டவுட் இட்ஸ் கோயிங் டு ரெய்ன்' என்றால் மழை வரும்போல இருக்கிறது என்று அர்த்தம், லண்டன்காரர் புரிந்துகொள்வதற்கு நேர் எதிர். அதை வட்டார வழக்கு என்று ஒப்புக்கொள்கிறார்கள். கோடிக்கணக்கான பேர் வகுப்பறையில் தினமும் சொல்லும் நம்முடையது மட்டும் எப்படிப் பிழையாகும்? ஆனால் அயல்நாட்டுக்காரரிடம் 'க்வெஸ்டின்' என்றே சொல்லுங்கள். அவர் தவறாக எடுத்துக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

இன்னொன்று, எனக்குப் பிடித்ததால் சொல்கிறேன். ஏசு உயிர்த்தெழுந்தார் என்பதை, தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற அவருடைய சீடர் புனித தோமாவை வைத்துத்தான் ஆங்கிலத்தில் 'டவுட்டிங் தாமஸ்' என்ற சொல் வந்தது. தோமா என்றால் அரமேய மொழியில் இரட்டையர். இங்கேயும் ஓர் இரண்டு! அவர் கொல்லப்பட்டதாக நம்பப்படும் சென்னைப் பரங்கிமலையைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன்.

இப்போது நானே லீட். போன மாதம் ஒரு கான்ஃபரன்ஸ் கால் நடுவில், புதிதாகச் சேர்ந்த பெண் சாட்டில், "அண்ணா, ஒரு டவுட், இப்ப கேக்கலாமா?" என்று அனுப்பினாள். "தாராளமா கேளும்மா, க்வெஸ்டின்னு மட்டும் சொல்லு" என்று பதில் போட்டேன். கேட்டாள். கிளையன்ட் பக்கம் பத்து நிமிஷம் உட்கார்ந்து விளக்கினார்கள்.